வெள்ளையாகக் கழுவியதால் வந்த வினை

சிங்கப்பூரின் யீஷூனிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்றடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் கேனிஸ்டர் வடிகட்டியில், அதாவது தட்டுகள் அடுக்கிய மூடிய உருளையில், நீரோட்டம் பாதியாகக் குறைந்தபோது, எல்லாத் தட்டுகளையும் ஒரே நாளில் எடுத்து, பீங்கான் வளையங்கள் வெள்ளையாகும்வரை குழாய் நீரில் தேய்த்துக் கழுவினேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தன. மீன்கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா கூடியிருப்பதைச் சோதனைக் குப்பி பச்சை நிறத்தால் காட்டியது.

அவ்வளையங்களின் நுண்துளைகளில் வாழ்ந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவந்த நுண்ணுயிர்கள், தேய்த்ததாலும் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரமினாலும் அழிந்திருந்தன. குளோரமின், குளோரினைப்போல் ஒரு நாள் வாளியில் வைத்தால் வெளியேறிவிடுவதன்று. ஆகவே, அதை முறிக்கும் மருந்து கலந்த நீரால் தினமும் கால் பங்கை மாற்றி, உணவையும் குறைத்தேன். ஏறத்தாழ மூன்று வாரங்களில் அம்மோனியா மறைந்தது.

உண்மையான கோளாறு அடுக்கிய வரிசையில்தான் இருந்தது. என் வடிகட்டியில் நீர் கீழிருந்து மேலேறுகிறது. ஆனால் நான் வளையங்களை அடித்தட்டில் வைத்து, சேறு முழுவதையும் அவற்றின்மேல் படியவிட்டிருந்தேன். இப்போது அடியில் பெருந்துளைப் பஞ்சு, அடுத்து மென்பஞ்சு, மேலே வளையங்கள் இருக்கின்றன. வடிகட்டியில் வைத்திருந்த கரியை எடுத்துவிட்டேன், மீனுக்குக் கொடுத்த மருந்தின் எச்சத்தை நீக்க மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். மென்பஞ்சை மாதந்தோறும் மாற்றுகிறேன். வளையங்களை, ஓட்டம் தளர்ந்தால் மட்டும், தொட்டியிலிருந்து இறைத்த நீரில், ஒரு முறைக்குப் பாதியளவு அலசுகிறேன். அவை பழுப்பாகவே இருக்கின்றன.