பூ கட்டக் கத்துக்கிட்டது இப்படித்தான்

மல்லிப்பூ கட்ட ரெண்டு மாசமா ட்ரை பண்ணேன், வரவே இல்ல. லூசா கட்டினா பூ உருவிக்கிட்டு வந்துடும், இறுக்கினா காம்பு அறுந்துடும். அத்தை எதிர்ல உக்காந்து கட்டிக் காட்டுவாங்க, நானும் கண்ணெடுக்காம பார்ப்பேன், ஆனா நூலைக் கையில எடுத்தா எல்லாம் மாறிப்போயிடும்.

ஒருநாள் திண்ணைல இடம் இல்லாம அவங்க பக்கத்துல ஒட்டி உக்காந்தேன், அப்பதான் புரிஞ்சுது, எதிர்ல இருந்தா அவங்க இடது கை எனக்கு வலது பக்கம் தெரியுது, அதை மனசுக்குள்ள திருப்பிப் போடுறதுலயே பாதி போயிடுது. பக்கத்துல இருந்தா நம்ம கை மாதிரியே தெரியும். ரெண்டு பூ இப்படி, ரெண்டு பூ அப்படி, காம்பு எதிரெதிரா, நூல் ஒரு சுத்து, அப்புறம் விரல்ல வளையம் போட்டு காம்புல மாட்டி இழுக்குறாங்க, இழுக்குறப்போ இடது கட்டைவிரல் காம்பை அமுக்கியே இருக்கு, அதை நான் கவனிச்சதே இல்ல!

பார்த்துக் கத்துக்கிறதுக்கு கவனிக்கணும், மனசுல நிக்கணும், செஞ்சு பார்க்கணும், ஆர்வமும் வேணும்னு ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியலாளர் 1977லயே எழுதியிருக்கார். எனக்கு முதல் படியிலயே கோளாறு, பூவைத்தான் பார்த்தேன், விரலைப் பார்க்கல.

அப்புறம் ஒரு கண்ணி பார்க்குறது, உடனே ஒரு கண்ணி கட்டுறது. நாலாம் நாள் ரெண்டு முழம் கட்டிட்டேன், ஒரு பூ கூட உருவல.