பள்ளிப் பருவக் கர்ப்பம்: புதிய வகுப்பாசிரியர்கள் எங்கே தொடங்கலாம்?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறிவிடும். கேரளத்தின் உடும்பன்சோலை, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற தாய்மார்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். இடைப்பட்ட நேரத்தில் அந்த வீட்டுப் பெண்பிள்ளையைக் கவனிக்கிற பெரியவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

1. வருகைப் பதிவேட்டைப் படியுங்கள்

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையை ஏற்றியதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு பெண் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். பகலில் போனால் பூட்டுத்தான் தொங்கும். ஜீப் திரும்பிய பிறகு போங்கள். "அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று பதில் வந்தால், அத்தைக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று விசாரியுங்கள். எந்த ஊர், எப்போது திரும்புவாள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமும் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கமும் இருக்கின்றன. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினால், மிச்சத்தைக் கைப்பேசி கற்றுக்கொடுத்துவிடும். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்துவது அதைவிட மோசம். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்வி எழுதச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேட்காததெல்லாம் அதில் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் ஏற்காது, காதல் என்றாலும் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்கு வரும் என்பதைப் பையன்களுக்கு நேராகவே சொல்லுங்கள்.

3. தவறான வாக்குக் கொடுக்காதீர்கள்

ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பேச வருவாள். "யாரிடமும் சொல்லமாட்டீர்களே, டீச்சர்?" என்பாள். சரி என்று சொல்லிவிடத்தான் மனம் வரும். சொல்லாதீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை; மறைத்தால் தண்டனை உண்டு. "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன், கூடவே இருப்பேன்" என்று சொல்லுங்கள். அது காப்பாற்றக்கூடிய வாக்கு. யார், எங்கே, எத்தனை முறை என்று குடைய வேண்டாம். அது விசாரிப்பவர்களின் வேலை. ஆசிரியர் அறைத் தேநீருக்கும் அது பேச்சாகக் கூடாது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தடுத்தால், சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான் என்று நினைவூட்டுங்கள்.

4. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால்

குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் தெரிவியுங்கள். கல்யாணம் குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்தாலும் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அங்கேயும் உண்டு. அழைக்க வேண்டிய எண்ணும் அதேதான். பெற்றோரிடம் சட்டத்தை எடுத்தவுடன் நீட்டாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்று தொடங்குங்கள். சட்டம் பேசினால் கதவைச் சாத்துகிற அப்பா, இதற்கு நாற்காலி எடுத்துப் போடுவார்.

5. கர்ப்பம் ஏற்கெனவே தெரிந்துவிட்டால்

நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. முடிவு அவளும் பெற்றோரும் மருத்துவரும் எடுப்பது. நாட்டு மருந்து, தெரிந்த நர்ஸ் என்ற பேச்சு வந்தால் அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வீட்டார் வந்தால் உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் பள்ளியில் இருக்கும்வரை, பொதுத்தேர்வு எழுதச் சொல்லி அவளைக் கூப்பிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.