செஞ்சி பக்கம் முதல் சைக்கிள் ரவுண்டு: புதுசா ஓட்டறவங்களுக்கு

ரோடு பைக் வாங்கி கொஞ்ச நாள் ஈசிஆர்லயே ஓட்டிட்டு, மலைப்பக்கம் போகணும் ஆனா கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுன்னாலே பயமா இருக்குன்னு சொல்றவங்களுக்கு என் பதில் எப்பவும் செஞ்சிதான். இங்க ரோடு மலை மேல ஏறாது, பாறைக் குன்றுங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகும், சின்னச் சின்ன மேடு வரும் இறங்கும் அவ்ளோதான். உங்கள வாட்டப் போறது ஏத்தம் இல்ல, வெயிலும் காத்தும்தான்.

ஸ்டெப் 1: ரூட்டும் காத்தும்

செஞ்சில கெளம்பி வடக்க சிங்கவரம், திரும்ப செஞ்சி வந்து திண்டிவனம் ரோடு வழியா கிழக்க மேல்சித்தாமூர், அங்கருந்து கிராமத்து ரோடுலயே தெக்க எறங்கி தளவானூர், மண்டகப்பட்டு, அப்புறம் விழுப்புரம் ரோட்ட பிடிச்சு நேரா வடக்க செஞ்சி. எந்தக் குறுக்கு ரோடுல போறீங்கங்கறத பொறுத்து சுமார் 55-60 கிலோமீட்டர் வரும். மேப்ப முன்னாடியே போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

இந்த வரிசை ஆடி மாசத்து மேல்காத்துக்கு (தென்மேற்குல இருந்து அடிக்கறது) சரியா வரும், கடைசி வடக்கு ஸ்ட்ரெட்ச்ல காத்து ஓரளவு முதுகுல இருக்கும். மார்கழி, தை மாசம்னா வாடைக்காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், அப்ப சிங்கவரம் முடிச்சிட்டு மொதல்ல மண்டகப்பட்டுக்கு எறங்கிருங்க, மேல்சித்தாமூர கடைசில வச்சுக்கோங்க. எதிர்காத்த நடுவுல வாங்கிடணும், கால் ஓஞ்சு போன நேரத்துல வாங்கக் கூடாது. சித்திரை, வைகாசில தயவுசெஞ்சு மொத ரவுண்டு வேணாம்.

ஸ்டெப் 2: வண்டி

சீட் உயரம்: பெடல் அடில இருக்கும்போது குதிகால வச்சா கால் நேரா நீளணும், அப்ப முன்பாதத்துல மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கும், அதுதான் கணக்கு. 28 எம்எம் டயர், 70 கிலோ ஆள்னா காத்து 75-80 பிஎஸ்ஐ போதும், டயர்ல போட்ருக்கற மேக்ஸிமம் வரைக்கும் அடிச்சா கிராமத்து ரோடுல கை மரத்துப் போகும்.

ரெண்டு ஸ்பேர் டியூப், டயர் கழட்டற லீவர், பம்ப் கட்டாயம், ஏன்னா ஓரம் பூரா சீமைக்கருவேல முள்ளு. டியூப் மாத்தறதுக்கு முன்னாடி டயருக்கு உள்பக்கம் விரல மெதுவா ஓட்டிப் பாருங்க, முள்ளு உள்ளயே நிக்கும், அத எடுக்காம புது டியூப் போட்டா அதுவும் காலி.

ஸ்டெப் 3: தண்ணி, சாப்பாடு, நேரம்

விடியறதுக்கு முன்னாடியே ரெடியா நிக்கணும், முன்னாடி பின்னாடி லைட்டோட. பத்து மணிக்கு மேல பாறையெல்லாம் சூடேறி ரெண்டு பக்கமும் அனல் அடிக்கும். 750 மில்லி பாட்டில் ரெண்டு, ஒண்ணுல ஓஆர்எஸ். தாகம் எடுக்கறதுக்கு காத்திருக்காம கால் மணி நேரத்துக்கு ஒருவாட்டி ரெண்டு மடக்கு குடிங்க. கடலமிட்டாய், வாழைப்பழம் ஜெர்சி பாக்கெட்ல இருக்கட்டும், கிராமத்துல டீக்கடை இருக்கும் ஆனா காலைல டிபன் கெடைக்கும்னு நம்பிப் போகாதீங்க.

ஸ்டெப் 4: ஓட்டறது

மேடு கண்ணுல பட்டதுமே கியர எறக்கிருங்க, பாதி மேட்டுல லோடு இருக்கும்போது மாத்தினா செயின் கழலும். பக்கத்துல வர்றவங்ககிட்ட பேச முடியுதா, வேகம் சரி, மூச்சு வாங்குதுன்னா கொறைங்க. ஊருக்குள்ள நுழையற எடத்துல பெயிண்டே அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் இருக்கும். அறுவடை நேரத்துல ரோட்டு மேலயே கேழ்வரகு, உளுந்து காயும், அதுல பிரேக் புடிச்சா வழுக்கிரும், சுத்திப் போங்க (அவங்க விளைச்சல் மேல டயர ஏத்தாதீங்க ப்ளீஸ்). நாய் தொரத்துனா வேகம் எடுக்காம எறங்கி, சைக்கிள நடுவுல வச்சு நடங்க, பெரும்பாலும் விட்ரும்.

ஸ்டெப் 5: எங்க நிக்கறது

சிங்கவரத்துல பாறையக் குடைஞ்ச ரங்கநாதர் கோயில், படி ஏறணும், கிளீட் ஷூவோட (பெடல்ல மாட்டற கொக்கி அடில இருக்கற ஷூ) ஏறுனா சறுக்கும், கீழயே கழட்டிருங்க. பக்கத்துலயே திருநாதர்குன்று, ஒரே பாறைல 24 சமண தீர்த்தங்கரர்கள் சிற்பம் ரெண்டு வரிசையா. அங்கயே 57 நாள் உண்ணாம இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியர் பத்தின கல்வெட்டும் இருக்கு. மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களோட மடம் இருக்கற ஊரு, கோயில் உள்ள போறதுன்னா தோள், முட்டி மறையற மாதிரி ஒரு துணி பையில இருக்கட்டும்.

என் ஓட்டு மண்டகப்பட்டுக்குத்தான். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் பண்ணுன கோயில்னு அங்க இருக்கற கல்வெட்டே சொல்லுது. பாக்க சின்னதுதான், ரெண்டு பக்கமும் துவாரபாலகர் நிக்கறாங்க. நல்ல நெழல், பாட்டில வச்சிட்டு கால நீட்டி உக்காருங்க.

அங்கருந்து செஞ்சி சுமார் 17 கிலோமீட்டர், மெயின் ரோடு, பஸ் வேகமா வரும், ஓரத்துல ஒத்தை வரிசையா வாங்க. செஞ்சிக் கோட்டை 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுலருந்து எல்லாருக்கும் அதே நாள்ல கோட்டையோட ராஜகிரி குன்று ஏறணும்னு ஆசை வருது, 60 ஓட்டுன கால வச்சு மத்தியான வெயில்ல அது வேணாம். கீழ கல்யாண மகால் வரைக்கும் பாத்துட்டு, சாப்டு, கார்ல வந்தவங்க ஒரு தூக்கம் போட்டுட்டு ஸ்டியரிங்க தொடுங்க.