கீர்த்தனையை ஜெபமாக்கிக்கொள்வது எப்படி

ஜெபிக்க உட்கார்ந்ததும் மனம் மறுநாள் வேலைக்கும் பிள்ளையின் தேர்வுக்கும் ஓடிவிடுகிறது என்று சொல்பவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் புதிய சொற்களைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே பாடலாகக் கிடைக்கும் சொற்களுக்குள் நுழைவது எளிது. குரல் வளம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரே பாடல் என்று முடிவு செய்துகொண்டு தொடங்கலாம்.

பாடலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக இசை மரபில் இயற்றிய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்ற அவற்றின் அமைப்பே ஜெபத்துக்கு ஏற்றது. சரணம் நிகழ்வையோ காரணத்தையோ விரித்துரைக்க, பல்லவி ஒரே வேண்டுதலுக்கு நம்மைத் திரும்பத் திரும்ப அழைத்து வருகிறது.

முதலில் ராகத்தை மறந்துவிட்டு, வரிகளை மட்டும் வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். எந்த வரியில் மனம் தானாக நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள்; அர்த்தம் விளங்காத பழஞ்சொல் இருந்தால் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகே பாடுவதோ ஒலிப்பதிவைக் கேட்பதோ. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரை நினைத்துக் குரலைத் தாழ்த்த நேர்ந்தாலும் நட்டமில்லை, முணுமுணுப்பாகப் பாடும்போதுதான் பலருக்குச் சொல்லின் மேல் கவனம் நிற்கிறது.

நாளுக்கு ஒரு சரணம் போதும். அதைப் பாடிப் பல்லவிக்கு வந்த பின்பு, அடுத்த சரணத்தின் இடத்தில் உங்கள் அன்றைய நாளையே வைத்துப் பாருங்கள். தாயாரின் மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதையோ, உடன் வேலை செய்பவரிடம் காலையில் கடுமையாகப் பேசிவிட்டதையோ, ராகமும் அலங்காரமும் இல்லாமல் சாதாரணப் பேச்சில் இரண்டு மூன்று வாக்கியமாகக் கடவுளிடம் சொல்லிவிட்டு, உடனே பல்லவியைப் பாடுங்கள். மனத்தில் உள்ளது தீரும்வரை இப்படிச் சொல்வதும் பாடுவதுமாகத் தொடரலாம். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ வேத வாசிப்பை வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், இறைவனில் அமைந்திருத்தல் என்று நான்கு படிகளாக வகுத்தார். அவற்றில் கடைசிப் படிக்குத்தான் நாம் இடம் விடுவதே இல்லை. ஆகவே கைப்பேசியில் அடுத்த பாடல் தானாக ஓடும் வசதியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். பெருவிரைவு ரயிலில் காதொலிக் கருவியோடு கேட்பது பாடலை மனப்பாடம் செய்ய உதவும். ஜெபத்துக்கு அதை நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

மொழி புரியாத இசையும் பயன்படும், கையில் தமிழ் வேதாகமம் திறந்திருந்தால். வேதாகமத்தில் பாவமன்னிப்பு வேண்டும் 51-ஆம் சங்கீதத்துக்கு கிரெகோரியோ அல்லெக்ரி (1582–1652) அமைத்த லத்தீன் இசையில், ஐந்து குரல் கொண்ட ஒரு குழுவும் நான்கு குரல் கொண்ட மற்றொரு குழுவும் மாறி மாறிப் பாட, இடையிடையே சில வசனங்கள் அணியேதுமின்றி ஒற்றை ஓசையாக ஓதப்படும்; முடிவில்தான் ஒன்பது குரல்களும் சேரும். ஏறக்குறைய கால் மணி நேரம் நீளும் அதைக் கேட்கும்போது, குழுக்கள் பாடுகையில் வசனத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து, எளிமையாக ஓதும் இடங்களில் அதே வசனத்தைத் தமிழில் உதட்டுக்குள் சொல்லிப் பாருங்கள். தவக்காலத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

இசையின் அழகிலேயே மயங்கி ஜெபத்தை விட்டுவிடுகிறோமோ என்ற ஐயம் பழையது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் உருக்கியதை ஒரு குற்றமாகவே பண்டைய திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் ஒப்புக்கொண்டார், ஆனாலும் ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. அப்படி நேர்வதை உணர்ந்தால் ஒலியை நிறுத்திவிட்டு, அதே வரியை ஒருமுறை வெறுமனே வாசியுங்கள்.

தனிமையில் பழகியது சபையில்தான் முழுமை பெறும். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்கோ, ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபைக்கோ, வழக்கமாகச் செல்லும் வேறு ஆலயத்துக்கோ போகும்போது பாட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரையில் ஓடும் வரிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. துக்கத்தாலோ சோர்வாலோ வாய் திறக்க முடியாத ஞாயிறும் வரும். அன்று சரணங்களை மற்றவர்கள் பாடட்டும், பல்லவிக்கு மட்டும் நீங்கள் சேர்ந்துகொள்ளலாம்.