சட்டம் மாறினால் பேரோல் சப்போர்ட்டில் என்ன செய்வது

பேரோல், அதாவது சம்பளக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கஸ்டமருக்குப் பதில் சொல்பவர்களுக்காக எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து கஸ்டமர்கள் என்றால் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் மாதச் சம்பளத்தை மனதில் வைத்துச் செய்த சாஃப்ட்வேரில்தான் இங்கே சனிக்கிழமைச் சம்பளம், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு தொகுப்புச் சட்டங்களும் ஒன்றாக அமலுக்கு வந்தன. 29 பழைய மத்தியச் சட்டங்கள் அதற்குள் போய்விட்டன. அன்றிலிருந்து வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது: "ஏனுங்க, பேஸிக்கை அம்பது பர்சன்ட் ஆக்கோணுமாமா? எல்லாத்துக்கும் சம்பளம் ஏத்தோணுங்களா?"

இதற்கு சட்டத்தைப் படித்துக் காட்டாதீர்கள். அவர் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் ஒரு ஆளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாதம் 30,000 வாங்குபவருக்கு பேஸிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 9,000, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவை 21,000 என்று வைத்துக்கொள்வோம். ஊதியத்தில் சேராத படிகளுக்கு எல்லை மொத்தத்தில் பாதி, அதாவது 15,000. படிகள் அதைத் தாண்டி 6,000 போகின்றன. அந்த 6,000-ஐ ஊதியத்தோடு சேர்த்துக்கொள் என்கிறது சட்டம், ஆகவே கணக்குக்கு ஊதியம் 15,000. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, பே ஸ்லிப்பில் பேஸிக்கை மாற்றியே தீரவேண்டும் என்றும் இல்லை, கணக்கின் அடித்தளம்தான் ஏறுகிறது. அது எங்கே கடிக்கும் என்றால் கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடையில். வருஷத்துக்கு 15 நாள் ஊதியம், 26-ஆல் வகுப்பது என்ற பழைய கணக்குதான், ஆனால் 5 வருஷம் வேலை பார்த்தவருக்கு 9,000-க்குப் போட்டால் 25,962 வரும், 15,000-க்குப் போட்டால் 43,269. முதலாளிக்கு இந்த இரண்டு எண்கள் போதும், மீதியை அவரே கேட்பார்.

இன்னொன்று, ஓவர்டைம் பணமும் அந்தப் படிகளைப் போலவே ஊதியத்தில் சேராத விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. ஷிப்மென்ட் நெருங்கும் மாதத்தில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண மாதத்தில் பாதிக்குள் அடங்கும் ஆள் அந்த மாதம் தாண்டிவிடலாம். எனவே ஒரு மாதத்தை மட்டும் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்று சொல்லிவிடாதீர்கள், சீசன் மாதம் ஒன்றையும் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த கேள்வி கட்டாயம் வரும், கைக்கு வரும் பணம் குறையுமா என்று. பிஎஃப் உச்சவரம்பான 15,000-க்கு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தால் பிடித்தம் 1,800, அது அப்படியே இருக்கும். பேஸிக் அதற்குக் கீழே இருப்பவர்கள் விஷயம்தான் சிக்கல். அவர்களைப் பற்றி போனில் ஆமாம், இல்லை என்று சொல்வது நம் வேலை இல்லை, அது முதலாளியும் அவருடைய பிஎஃப் கன்சல்டன்ட்டும் உட்கார்ந்து எடுக்கவேண்டிய முடிவு. படி பாதியைத் தாண்டுகிற ஆட்களின் பட்டியலை, பழைய பிடித்தம் புதிய பிடித்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்புவதுதான் நம் வேலை. அதையும் கஸ்டமர் கூப்பிடும் முன்பே, நாமே கூப்பிட்டுச் செய்துவிட்டால் பாதி டிக்கெட் (புகார்ப் பதிவு) வராது.

யார் லைனில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறவேண்டும். முதலாளிக்கு மொத்தம் எவ்வளவு கூடுதல் செலவு என்று ஒரே எண். கன்சல்டன்ட்டுக்கு சட்டப் பிரிவும் ஃபார்முலாவும், சுற்றி வளைத்தால் அவருக்குக் கோபம் வரும். நடுவில் இருக்கிற அக்கவுண்டன்ட் அண்ணாவோ மேடமோதான் நிஜமாகவே பட்டனை அழுத்துபவர், இருபது வருஷமாக அதே கம்பெனியில் இருப்பவராக இருப்பார், அவருக்கு எந்த ஸ்கிரீனில் எந்த இடத்தை மாற்றவேண்டும் என்று சொன்னால் போதும். அவரிடம் போய் ஊதியத்தின் வரையறை பற்றி லெக்சர் எடுக்காதீர்கள், பாவம், அவருக்கு சனிக்கிழமை சம்பளம் போடவேண்டும்.

சனிக்கிழமை என்றதும் ஞாபகம் வருகிறது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் விடாதீர்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு 1 முதல் 7-ஆம் தேதி வரையும் வேண்டாம், 7-க்குள் சம்பளம் போட்டாகவேண்டும். 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் கடைசி நாள் என்பதால் 12 தாண்டினாலும் கை வைக்கவேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், போனஸ் கணக்கு ஓடும்போது சாஃப்ட்வேர் தும்மினால்கூட தெருவரைக்கும் கேட்கும்.

புதிய ஃபார்முலாவைப் போடும்போது அமலுக்கு வந்த தேதியோடு போடுங்கள், பழையதை அழித்து எழுதாதீர்கள். நவம்பர் 21 மாத நடுவில் விழுந்ததை மறக்கக்கூடாது. 20-ஆம் தேதி வேலையை விட்டவருக்கும் 22-ஆம் தேதி விட்டவருக்கும் விதி வேறு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்தவருக்கு இப்போது ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, மற்றவர்களுக்கு அதே 5 வருஷம்தான். அதனால் ஊழியர் மாஸ்டரில் (சாஃப்ட்வேரில் உள்ள ஊழியர் விவரப் பதிவு) ஒப்பந்த வகை என்ற இடம் காலியாக இருந்தால் முதலில் அதை நிரப்பச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் அது காலியாகத்தான் இருக்கும்.

செட்டில்மென்ட் விஷயத்தில்தான் நம்மூர் கஸ்டமர்கள் ரொம்பத் திணறுகிறார்கள். வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி ஊதியத்தைக் கொடுத்தாகவேண்டும். இதுவரை அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தருவதுதான் வழக்கம், அதிலும் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ பண்டிகைக்குப் போனவர் திரும்புவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே ஒரு மாதம் ஓடிவிடும். மாத நடுவில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தனியாகச் சம்பளம் ஓட்டுவது எப்படி என்று ஸ்கிரீன் ஷேரில் ஒருமுறை காட்டிவிடுங்கள், பிறகு அவர்களே செய்துகொள்வார்கள். அப்புறம் பணி நியமனக் கடிதம். எல்லோருக்கும் கட்டாயம், இதுவரை கொடுக்காதவர்களுக்கும் சட்டம் வந்த 3 மாதத்துக்குள் கொடுத்திருக்கவேண்டும். டெம்ப்ளேட் இருந்தால் மொத்தமாக அடித்துவிடலாம்.

எல்லாக் கோபமும் புதுச் சட்டத்தால் வருவது இல்லை. ஜூனில் சம்பளம் 22,000 ஆன ஆளுக்கு ஏன் இன்னும் இஎஸ்ஐ பிடிக்கிறது என்று கேட்பார்கள். உச்சவரம்பு 21,000 என்றாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம் முடியும்வரை பிடிக்கத்தான் வேண்டும். தொழில் வரி இன்னொரு தலைவலி. வருஷத்துக்கு 2,500 தாண்டாது என்றாலும் அரையாண்டுத் தொகை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும், கோவை மாநகராட்சியில் ஒரு யூனிட், பல்லடம் நகராட்சியில் ஒரு யூனிட் வைத்திருப்பவருக்கு இரண்டு தனி அட்டவணை போட்டுக்கொடுங்கள்.

மத்தியச் சட்டம் வந்துவிட்டது என்பது வேறு, மாநில அரசு போடும் விதிகள் வேறு. பெரும்பாலான தனியார் ஆலைகளுக்கு மாநில விதிதான் பேசும். அதனால் படிவம், பதிவேடு சம்பந்தமாகக் கேட்டால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்பை நம்பிச் சொல்லாதீர்கள், அரசிதழில் வந்ததை மட்டும் சொல்லுங்கள். நம் சாஃப்ட்வேரில் பிழை இருந்தால் "சட்டம் மாறிடுச்சுங்க" என்று அதன் பின்னால் ஒளிவதும் கூடாது, மூன்றாவது மாதம் கன்சல்டன்ட் கண்டுபிடித்துவிடுவார்.

பேசி முடித்ததும் எழுத்தில் ஒன்று போகவேண்டும். நீளமாக வேண்டாம், இந்த மாதிரி:

"வணக்கம் அண்ணா. இன்று பேசியபடி, படி பாதியைத் தாண்டும் 14 பேர் பட்டியல் இணைப்பில். கிராஜுவிட்டி கணக்கு நவம்பர் 21 முதல் புது முறையில் ஓடும், நீங்கள் எதுவும் மாற்றவேண்டாம். பிஎஃப் பிடித்தம் பழையபடியே இருக்கிறது. மாற்றவேண்டுமா என்று உங்கள் கன்சல்டன்ட்டிடம் கேட்டு 25-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள், நாங்கள் செய்துதருகிறோம்."

25-ஆம் தேதி பதில் வராவிட்டால் 26 காலையில் கூப்பிடுங்கள். பதினொரு மணிக்கு முன்னால் என்றால் முதலாளி ஆபீஸில் இருப்பார்.