பழைய கார்ல இக்னிஷன் லாக் சிலிண்டரை கழட்டி மாத்துறது எப்படி

சாவி திரும்ப மாட்டேங்குதுன்னதும் நிறைய பேர் கை நேரா ட்ரில் மேலதான் போகும். கொஞ்சம் பொறுங்க. கையில சாவி இருந்து, அது எப்படியாவது ஒரு தடவை திரும்பிடுச்சுன்னா போதும், 60கள்ல வந்த அமெரிக்க வண்டி நிறையல டேஷ்போர்டு சிலிண்டரை ஒரு பேப்பர் கிளிப்பை வச்சே வெளிய எடுத்துடலாம். ட்ரில் எல்லாம் சாவியே இல்லாதவங்களுக்கு, அதுவும் பூட்டுக்காரரை கூப்பிட்டு முடியாமப் போன பிறகு.

முதல்ல கெட்டுப்போனது சிலிண்டர்தானான்னு பாருங்க. சாவி போற உருளைதான் லாக் சிலிண்டர், அதுக்கு பின்னாடி வயர் மாட்டியிருக்கறது இக்னிஷன் சுவிட்ச், ரெண்டும் வேற வேற பார்ட். சாவி ஜம்முனு திரும்புது ஆனா எதுவுமே நடக்கலைன்னா சுவிட்ச், வயர், பேட்டரி பக்கம் தேடுங்க, சிலிண்டரை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. சாவி உள்ள போயும் திரும்பாம அடம் பிடிக்குது, இல்ல எந்த சாவியை விட்டாலும் திரும்புதுன்னா அப்ப சிலிண்டர்தான்.

அதுலயும் பாதி நேரம் குத்தம் சாவி மேல. நிறைய வண்டில உள்ள வரிசையா மெல்லிசான பித்தளைத் தகடுங்க ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும், சரியான சாவி போனாதான் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுத்தும். 50 வருஷம் தேஞ்ச சாவியை பாத்து டூப்ளிகேட் வெட்டுனா தேய்மானமும் சேந்துதான் காப்பி ஆகும். பழைய சாவி மேலயோ பூட்டு மேலயோ நம்பர் குத்தியிருந்தா அந்த நம்பரை வச்சு புதுசா வெட்டச் சொல்லுங்க. பென்சில் முனையை சாவிப் பல்லுல நல்லா கருப்பா தேச்சு நாலஞ்சு தடவை உள்ள விட்டு எடுத்துப் பாருங்க, கிராஃபைட் வேலை செய்யும். எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க, அப்போதைக்கு சுகமா இருக்கும், அப்புறம் தூசியை இழுத்து வச்சு பிசின் மாதிரி ஆயிடும். ஸ்டியரிங் லாக் இருக்கற வண்டின்னா ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிக்கிட்டே சாவியை திருப்பிப் பாருங்க, பல நேரம் பூட்டு கெடவே இல்ல, லாக் பின் இறுக்கிப் பிடிச்சிருக்கும், அவ்ளோதான்.

இதெல்லாம் பாத்தும் ஆகலையா, சரி கழட்டுவோம். பேட்டரியோட எர்த் கேபிளை முதல்ல எடுத்துடுங்க. எர்த்துன்னா எப்பவும் நெகட்டிவ்னு நினைச்சுடாதீங்க, 1955 வரைக்கும் வந்த ஃபோர்டு 6 வோல்ட் வண்டி, 60கள் வரைக்கும் வந்த பிரிட்டிஷ் வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த். எந்த கேபிள் பாடியில போல்ட் போட்டிருக்கோ அதுதான் முதல்ல வரணும்.

டேஷ்போர்டு டைப்ல சிலிண்டர் முகத்துல, சாவி ஓட்டைக்கு பக்கத்துல, ஊசி போற அளவுக்கு குட்டியா ஒரு ஓட்டை இருக்கும். அழுக்கு அடைச்சிருந்தா கண்ணுக்கே தெரியாது, டார்ச் அடிச்சு பாருங்க. சாவியைப் போட்டு அக்சஸரி பொசிஷனுக்கு (இன்ஜின் ஓடாம ரேடியோ மாதிரி மட்டும் வேலை செய்யற இடம்), அதாவது பெரும்பாலும் இடது பக்கம், திருப்புங்க. நிமித்துன பேப்பர் கிளிப்பை அந்த ஓட்டைக்குள்ள விட்டு அழுத்துங்க, ஸ்பிரிங் மாதிரி லேசா உள்ள போறது விரல்ல தெரியும். அழுத்துனபடியே சாவியை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி நேரா இழுத்தா சிலிண்டர் சாவியோடயே கையில வந்துடும். நான் முதல் தடவை சாவியை ஆஃப்லயே வச்சுக்கிட்டு அரை மணி நேரம் குத்திக்கிட்டு இருந்தேன், கிளிப் நழுவி விரல்ல ஏறுனதுதான் மிச்சம். அக்சஸரிக்கு வந்தாதான் உள்ள இருக்கற பின் சரியான இடத்துல நிக்கும், மத்த எந்த பொசிஷன்லயும் நீங்க என்ன அழுத்துனாலும் வராது.

சிலிண்டர் வெளிய வந்ததும் பின்னாடி இருக்கற சுவிட்சோட நாக்கை நோண்டாதீங்க. தெரியாம திரும்பிடுச்சுன்னா ஸ்க்ரூ டிரைவரால பழையபடி அக்சஸரிக்கே கொண்டு வந்துடுங்க, இல்லன்னா புது சிலிண்டர் உக்காரவே உக்காராது.

ஸ்டியரிங் காலம்ல, அதாவது ஸ்டியரிங் வீலுக்கு கீழ இருக்கற தண்டுல, பூட்டு இருக்கற வண்டி வேற கதை. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 1969 மாடல்ல பூட்டை அங்க மாத்துச்சு, 1970 ஜனவரில அமெரிக்காவுல திருட்டுத் தடுப்பு விதியும் வந்துச்சு. இதுக்கு ஸ்டியரிங் வீலை புல்லர்ங்கற இழுவை டூல் போட்டு எடுக்கணும், கீழ இருக்கற லாக் பிளேட்டை அதுக்குன்னு இருக்கற டூல்ல அமுக்கி வளையத்தை கழட்டணும், இண்டிகேட்டர் சுவிட்சை தள்ளி வைக்கணும், அப்புறம்தான் சிலிண்டரைப் பிடிச்சிருக்கற கிளிப்பே தெரியும். அதுக்கு முன்னாடி சாவி பஸ்ஸரோட (சாவியை விட்டுட்டு இறங்குனா கத்துறது) குட்டி சுவிட்சை எடுத்துடுங்க, மறந்து இழுத்தா உடையும். ஐரோப்பிய வண்டி பலதுல பூட்டை தலை முறிஞ்ச போல்ட் போட்டு பிடிச்சிருப்பாங்க, திருடன் கழட்டக் கூடாதுன்னு. சின்ன உளியை விளிம்புல வச்சு இடது பக்கமா மெதுவா தட்டுனா சிலது சுத்தி வந்துடும், வரலைன்னா நடுவுல துளை போட்டுத்தான் எடுக்கணும்.

புது சிலிண்டரை மாட்டுறதுக்கு முன்னாடி பழசையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீளம், வால் வடிவம் பாத்துக்கோங்க. கதவுக்கும் இதுக்கும் ஒரே சாவி வேணும்னா பூட்டுக்காரர்கிட்ட கொடுத்து உள்ள தகடுங்களை பழைய சாவிக்கு ஏத்த மாதிரி மாத்தி வாங்கிடுங்க, மாட்டுன அப்புறம் யோசிச்சா திரும்ப எல்லாம் கழட்டணும். டேஷ்போர்டு டைப்ல சாவியோட அக்சஸரி கோணத்துலயே உள்ள விட்டு, பின்னை அமுக்கித் தள்ளி, வலது பக்கம் திருப்புனா டக்குனு உக்காரும். சாவியை ஆஃப்ல வச்சு சிலிண்டரை லேசா இழுத்துப் பாருங்க, வரக் கூடாது.

அப்புறம் பேட்டரியை மாட்டி கியரை நியூட்ரல்ல வச்சு ஒவ்வொரு பொசிஷனா திருப்பிப் பாருங்க. ஸ்டார்ட்ல விட்டா சாவி தானா ஆனுக்கு திரும்பி வரணும், வராம நின்னா ஸ்டார்ட்டர் ஓடிக்கிட்டே இருந்து கருகிடும், உடனே பேட்டரி கேபிளை எடுங்க. ஸ்டியரிங் லாக் இருக்கறவங்க வண்டியை நகத்தறதுக்கு முன்னாடியே, சாவி ஆன்ல இருக்கும்போது ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் சுத்திப் பாருங்க, எங்கயும் பிடிக்கக் கூடாது.