கிரிக்கெட் மைதானத்துக்கு ஒரு மின்னல் மணி: கோஸ்-19 தரவிலிருந்து

டல்லாஸில் சனிக்கிழமைதோறும் ஆடும் எங்கள் கூட்டத்தில், இடி கேட்டாலும் "இன்னும் ஒரே ஓவர்" என்று இழுப்பார்கள். அதற்காகவே கோஸ்-19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் மின்னல் தரவை வைத்து ஓர் எச்சரிக்கை மணி செய்தேன். பைத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா இந்தத் தரவை 20 நொடிக்கு ஒரு கோப்பாக, அமேசான் கிளவுடில் இலவசமாகத் தருகிறது. கணக்குகூட வேண்டாம். எஸ்3எஃப்எஸ், எக்ஸ்அரே, ஹெச்5நெட்சிடிஎஃப் என்ற மூன்று பைத்தான் நூலகங்கள் போதும். அமேசானின் போட்டோ3 நூலகம் இதற்கு வீண் சுமை.

படி 2: கோப்புறை ஆண்டு, நாள் எண், மணி என்று போகும். லீப் அல்லாத ஆண்டில் ஜூன் 10 என்றால் 161. நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். கோடையில் இங்கே மாலை 7 ஆனதுமே அங்கே மறுநாள் பிறந்துவிடும். நான் 161க்குள்ளேயே ஒரு மணி நேரம் துழாவிக்கொண்டிருந்தேன்.

படி 3: தூரம். நான் சறுக்கியது இங்கேதான். ஒவ்வொரு மின்னலுக்கும் 'ஃபிளாஷ்' என்று ஓர் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதை வைத்துக் கணக்கிட்டேன். திரையில் 40 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, தலைக்கு மேலே வானம் பளிச்சிடுகிறது! அந்தப் புள்ளி மின்னலின் நடுமையம் மட்டுமே. மின்னலோ கொடிபோலப் படரும். 2017 அக்டோபர் 22 அன்று கிழக்கு டெக்சாஸிலிருந்து கன்சாஸ் சிட்டி அருகே வரை 829 கிலோமீட்டர் ஓடிய மின்னலும் உண்டு. அதனால் 'ஈவென்ட்' புள்ளிகளை, அதாவது மின்னலின் ஒளி பதிந்த ஒவ்வொரு பிக்சலையும் எடுங்கள். அவற்றில் மைதானத்துக்கு மிக அருகில் இருப்பதுதான் உங்கள் தூரம். ஒரு பிக்சலே 8 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், வழக்கமான 16 கிலோமீட்டர் எச்சரிக்கை வட்டத்தை நான் 25 ஆக்கிக்கொண்டேன்.

படி 4: வட்டத்துக்குள் கடைசி ஈவென்ட் வந்து 30 நிமிடம் கழியும்வரை திரை சிவப்பு, ஆட்டம் இல்லை. ஆனால், திரை பச்சையாக இருந்தாலும் இடி காதில் விழுந்தால் உள்ளே போய்விடுங்கள்.

பிற்சேர்க்கை: சென்னைக்கு ஓடுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஓடாது, கோஸின் பார்வையில் இந்தியா இல்லை. அங்கே தரை உணரிகளை வைத்து இயங்கும் தாமினி செயலி இருக்கிறது.

இன்னொரு வாசகருக்கு இணையம் அறுந்த பிறகும் திரை பச்சையாகவே நின்றதாம். என் தவறுதான். மின்னலே இல்லாவிட்டாலும் கோப்பு வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் புதுக் கோப்பு வராவிட்டால் சிவப்பு என்று இப்போது மாற்றிவிட்டேன்.